மடியில் உட்காரத் தெரிந்த பை: டெல்டாவில் தினமும் பயணிப்பவருக்கு எது ஏற்றது?

பை எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தோளில் மாட்டி, கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுத் திரும்பிப் பார்க்கிறார்கள். கும்பகோணத்தில் பை தைக்கும் சிறு பட்டறை நடத்துகிற எனக்கு இந்தச் சோதனையில் நம்பிக்கை இல்லை. நம் பக்கத்தில் தினமும் வேலைக்கோ படிப்புக்கோ போய் வருகிறவருடைய பை தோளில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில், ரயில் பெட்டியின் மேல்தட்டில், டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவரின் மடியில், வேலை செய்யும் இடத்தில் நாற்காலிக்கு அடியில் என்றே அதன் நாள் கழிகிறது. கண்ணாடி முன்னால் இதில் எதுவும் தெரியாது.

பாபநாசத்தில் குடியிருந்துகொண்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் ஒரு செவிலியரை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து நிலையம் வரை ஸ்கூட்டர். பிறகு பாசஞ்சர் ரயில். பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோவில் தாண்டித் தஞ்சாவூர் சந்திப்பு. படியேறி இறங்கிப் பழைய பஸ் நிலையம் வரை நடை. அங்கிருந்து டவுன் பஸ். இறங்கியதும் மறுபடி கொஞ்சம் நடை. நடக்கும் தூரத்தையெல்லாம் கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் பையை எடுப்பதும் வைப்பதும் போகும்போது மட்டும் ஏழெட்டுத் தடவை. மாலையில் அதே கணக்கு திரும்பவும் நடக்கும், கூடவே காய்கறியோடு.

ஆகவே, 'எத்தனை லிட்டர் கொள்ளும்?' என்பதையும் 'எத்தனை அறை?' என்பதையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பை எத்தனை இடத்தில் எப்படி உட்காரும் என்பதைத்தான். கீழே ஒவ்வொரு வகைப் பையையும் அந்தக் கேள்வியை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

இதில் மடி என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. நம் பஸ்களில் நிற்கிறவர் தம் பையை உட்கார்ந்திருப்பவரிடம் நீட்டுவதும், அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதும் எழுதப்படாத சட்டம். "அக்கா, இதைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதுகூடப் பாதி நேரம் தேவைப்படாது. ஒரே ஆளின் மடியில் மூன்று பைகள் ஏறுவதும் உண்டு. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு காலை நேரத்துக் கூட்டம் கூடியிருக்கிறது. மடிகளும் கூடுதலாக உழைக்கின்றன. ஆக, உங்கள் பை உங்களுக்கு வசதியாக இருந்தால் மட்டும் போதாது. அடியில் ஈரமில்லாமல், சாம்பார் கசியாமல், முனை குத்தாமல், சாய்ந்து விழாமல் அடுத்தவர் மடியில் அரைமணி நேரம் இருக்க வேண்டும். இந்தத் தகுதியை எந்தக் கடையும் விளம்பரப்படுத்துவதில்லை.

அடுத்தது எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்தால் இன்னும் முந்நூறு கிராம் சேரும். சோறும் குழம்பும் பொரியலும் வைத்த மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. குடை, பர்ஸ், செல்போன், சார்ஜர், ஒரு துண்டு. மொத்தம் நான்கு கிலோவைத் தொட்டுவிடும். இந்த நான்கு கிலோ, இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒற்றைப் பட்டியில் தொங்குவதாக வையுங்கள். பட்டி தோளைத் தொடும் நீளம் சுமார் பத்து சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 200 கிராம் அழுத்தம். பட்டியை ஐந்து சென்டிமீட்டராக அகலப்படுத்தினால் அது 80 கிராமாக இறங்கும். அதே அகலத்தில் இரண்டு பட்டி போட்டு இரண்டு தோளிலும் மாட்டினால் 40. பட்டியைக் கொஞ்சம் அகலமாகப் போட ஆகும் கூடுதல் செலவு ஒரு காபிக் காசு. பையில் மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க விடாதீர்கள்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் முதுகுப்பைதான் வெல்ல வேண்டும். தோளுக்கு அதைவிட நல்லது எதுவுமில்லை என்பது உண்மைதான். பள்ளிப் பிள்ளைகளின் பை அவர்களுடைய உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. சுமை இரண்டு தோளுக்கும் சமமாகப் போவதும் அதே அளவு முக்கியம். மடிக்கணினி எடுத்துப் போகும் வங்கி ஊழியருக்கும், தடித்த புத்தகங்களோடு போகும் கல்லூரி மாணவருக்கும் நான் வேறு எதையும் சொல்வதில்லை.

ஆனால் முதுகுப்பைக்கு இங்கே மூன்று எதிரிகள். முதலாவது கூட்டம். பஸ்ஸில் ஏறிய கையோடு அதைக் கழற்றி முன்பக்கம் மாட்டாவிட்டால், திரும்பும்போதெல்லாம் பின்னால் நிற்பவருக்கு இடி விழும். இரண்டாவது வெயில். சித்திரையில் முதுகோடு ஒட்டியிருக்கும் பை, அலுவலகம் போய்ச் சேரும்போது சட்டையின் பின்பக்கத்தை நனைத்துவிடும். வலைத்துணி வைத்துத் தைத்தால் ஓரளவு காற்றோடும். ஆனால் வலைக்கு உள்ளே சாதாரண ஸ்பாஞ்ச் வைத்திருந்தால் அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நாற்றமும் விடாது. ஈ.வி.ஏ. எனப்படும் மூடிய துளைகள் கொண்ட ஃபோம் தண்ணீரை உள்ளே வாங்காது, துடைத்தால் போதும். மூன்றாவது எதிரி சேலை. பட்டி தோளில் உட்காரும் இடத்தில்தான் முந்தானையின் மடிப்பும் ஊசியும் இருக்கின்றன. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மடிப்பு கலையும், நல்ல சேலையில் ஊசி இழுத்து ஓட்டை விழும். பல ஆசிரியைகள் முதுகுப்பையை வாங்கி ஒரு வாரத்தில் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான். சுடிதார் அணிகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான்.

முதுகுப்பைதான் வேண்டும் என்று முடிவு செய்தால், இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, தலைப்பகுதியில் இருக்கும் கைப்பிடி. கழற்றுவது, நீட்டுவது, வாங்குவது, ரயிலின் மேல்தட்டில் ஏற்றுவது எல்லாம் அந்தக் கைப்பிடியால்தான். பெரும்பாலான பைகளில் அது ஏதோ கடைசியில் ஞாபகம் வந்து வைத்த மாதிரி மெல்லிய நாடாவாக இருக்கும். முதலில் பிய்வதும் அதுதான். இரண்டாவது, மடிக்கணினி வைக்கும் அறையின் அடி. அது பையின் அடியைத் தொடாமல் மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே தொங்கும்படி தைத்திருக்க வேண்டும். பஸ் தரையில் பையைப் பொத்தென்று வைக்கும்போது அடி வாங்குவது வெறும் காற்றாக இருக்கும். இருசக்கர வண்டியில் பின்னால் உட்காருகிறவர், பை இருக்கையைத் தொடும் அளவுக்குப் பட்டியை இறக்கிவிட்டால் தோளுக்கு வேலையே இல்லை.

குறுக்கே மாட்டும் சின்னப் பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீசன் டிக்கெட், செல்போன், சில்லறை, வீட்டுச் சாவி ஆகியவற்றுக்கு அது சரியான இடம். கண்டக்டர் வரும்போது ஒரு கை கம்பியில் இருக்க மறு கையால் திறக்க முடிகிறது. அதை டிபன் பாக்ஸ் வைக்கும் அளவுக்குப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஒரு கிலோவைத் தாண்டியதும் கழுத்தின் ஒரு பக்கத்தை இழுக்கத் தொடங்கிவிடும்.

ஜோல்னாப் பை மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனாலேயே அதைக் கொஞ்சம் கடுமையாகப் பார்க்கிறேன். மடித்தால் கைக்குட்டை அளவு, துவைத்தால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அகலப் பட்டி என்பதால் தோளை அறுக்காது. வேட்டி கட்டுகிறவர்களுக்கு இதுவும், கக்கத்தில் இடுக்கும் ரெக்சின் பையும்தான் பல காலமாகச் சட்டைப்பைக்கு அடுத்தபடியாக இருந்து வருகின்றன. ஆனால் அதற்கு அடி என்று ஒன்றே கிடையாது. உள்ளே வைப்பதெல்லாம் நடுவில் வந்து குவியும். டிபன் பாக்ஸ் சாய்ந்துதான் நிற்கும். ரசம் எடுத்துப் போகிறவர் அதை நினைத்துப் பார்க்கவே கூடாது. மூடியும் இல்லை. தாள், புத்தகம், ஒரு துண்டு என்று போகிறவருக்கு இதைவிட நல்ல பை இல்லை. சாப்பாட்டோடு போகிறவருக்கு இல்லை.

ஒயர் கூடையைப் பழங்காலத்துப் பொருள் என்று ஒதுக்குகிறவர்கள் அதை அருகில் வைத்துப் பார்க்காதவர்கள். மேலே சொன்ன மடிச் சோதனையில் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்குவது இதுதான். தட்டையான அடி, கேரியர் நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் தேங்காது, பூஞ்சை பிடிக்காது, குழாயடியில் காட்டினால் சுத்தம். சாதா முடிச்சில் பின்னியது லேசாக இருக்கும். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று போனால் பின்னல் அடர்ந்து, கூடை விறைப்பாக நிற்கும், ஒயரும் கூடுதலாக வாங்கும். கைப்பிடிக்குள் ரப்பர் குழாய் கொடுத்துப் பின்னியிருந்தால் விரல் வலிக்காது. பின்னத் தெரிந்த கைகள் நம் ஊர்களில் இன்னும் நிறைய இருக்கின்றன. குறை என்ன? தோளில் மாட்ட முடியாது. ஒரு கை எப்போதும் அதற்கே போய்விடும்; பஸ் படியில் ஏறும்போது அந்தக் கை தேவைப்படும். மழை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் உள்ளே வரும். அடியின் முடிச்சு மேடுகள் மெல்லிய சேலை வழியே தொடையில் பதியும் என்று மடியில் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. அடியில் பழைய டைரி அட்டை ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. ஷேர் ஆட்டோவிலேயே போய் வருகிறவர், பஸ்ஸில் தினமும் உட்கார இடம் கிடைக்கிற தொடக்க நிறுத்தத்துக்காரர் ஆகியோருக்கு ஒயர் கூடையே போதும். புதிதாகப் பை தைக்க வேண்டாம் என்று சொல்வது பட்டறைக்காரனுக்கு நஷ்டம்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கட்டைப்பை எல்லோர் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் நாலைந்து தொங்கும். ஜவுளிக்கடையும் நகைக்கடையும் கொடுத்தவை. கைப்பிடிக் கட்டை சுமையை உள்ளங்கை முழுக்கப் பரப்புவதால் விரல் அறுபடாது. இதைத் தினசரிப் பையாக வைத்துக்கொள்ள வேண்டாம். வாய் திறந்தே இருக்கும், கட்டை பக்கத்தில் இருப்பவரின் முழங்காலில் இடிக்கும். மாலை மார்க்கெட்டுக்கு மட்டும் நல்லது.

இப்போது நான் அதிகமாகத் தைத்துக் கொடுக்கும் வகைக்கு வருகிறேன்: அகலமான அடியும் இரண்டு தோள்பட்டிகளும் மேலே ஜிப்பும் கொண்ட நிமிர்ந்த தோள்பை. பெயர் ஒன்றும் புதிதில்லை, எல்லாக் கடையிலும் தொங்குவதுதான். வித்தியாசம் அளவுகளில் இருக்கிறது.

பட்டியின் இறக்கம், அதாவது தோளிலிருந்து பையின் வாய் வரை உள்ள தூரம், 25 முதல் 28 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கை நுழையாது. அதிகமானால் பை இடுப்புக்குக் கீழே போய், நடக்கும்போது தொடையில் அடிக்கும். சரியான இறக்கத்தில் பையின் வாய் அக்குளுக்குக் கீழே வந்து நிற்கும். கூட்டத்தில் முழங்கையால் அணைத்துக்கொள்ளலாம். ஜிப்பின் ரன்னர் மூடிய நிலையில் முன்பக்கம் வந்து நிற்க வேண்டும். கோவில் திருவிழாக் கூட்டத்தில் அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பது நல்லது. பட்டியின் துணியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பளபளக்கும் பாலியஸ்டர் பட்டி சில்க் சேலை மீதும் நைலான் சேலை மீதும் நிற்காமல் வழுக்கும். அதைச் சரிசெய்ய ஆயிரம் தடவை தோளை ஏற்றி இறக்குவதில்தான் கழுத்து வலி வருகிறது. தோளில் உட்காரும் பகுதிக்கு மட்டும் பருத்திப் பட்டியை வைத்தால் அது துணியைப் பிடித்துக்கொள்ளும்.

பட்டியை எங்கே தைக்கிறார்கள் என்பதும் முக்கியம். பையின் வாய் விளிம்பில் மட்டும் வைத்துத் தைத்தால் சுமை முழுவதும் நாலு விரற்கடைத் தையலில் தொங்குகிறது. பட்டி பக்கச் சுவர் வழியாக இறங்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் ஏறினால் சுமையைத் தாங்குவது பட்டி. தையல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள மட்டும்தான். பட்டி விடுபடும் இடத்தில் பெட்டிக்குள் பெருக்கல் குறி போட்ட தையல் வேண்டும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும், அதுவும் நம் மழைக்காலத்தில் சீக்கிரமே.

அடி எத்தனை அகலம்? இதற்கு ஒரே பதில் கிடையாது. உங்கள் டிபன் கேரியரின் குறுக்களவை அளந்து, அதோடு ஒன்றரை அல்லது இரண்டு சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பெரிதாகவே இருக்கட்டுமே' என்று இருபத்தைந்து சென்டிமீட்டர் கேட்பவர்கள் உண்டு. அத்தனை அகலம் யார் மடியிலும் உட்காராது. உள்ளே கேரியரும் உருளும். தண்ணீர் பாட்டிலுக்கு வெளிப்பக்கம் பை வைப்பது வழக்கம், எனக்குப் பிடிக்காது. குளிர்ந்த பாட்டிலில் வேர்க்கும் நீர் பக்கத்துக்காரரின் சேலையை நனைக்கும், குலுங்கும் பஸ்ஸில் பாட்டிலே நழுவி விழும். உள்ளே ஒரு மூலையில் தனி உறையாகத் தைத்துவிடலாம். வெளிப்பக்கப் பையை நனைந்த குடைக்குக் கொடுங்கள். அதன் அடியில் ஒரு பித்தளைக் கண், அதாவது வளையம் வைத்த சின்ன ஓட்டை, அடித்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

துணியைப் பற்றிக் கடைகளில் சொல்லப்படுவதில் பாதி குழப்பம். 600 டெனியர், 1200 டெனியர் என்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன் என்று அர்த்தம், அவ்வளவுதான். நெசவு எவ்வளவு நெருக்கம், பின்புறம் என்ன பூசியிருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. தண்ணீரை நிறுத்துவது பின்புறப் பூச்சு. பாலியூரிதேன் பூச்சு லேசானது, நன்றாக மடங்கும். ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்த நம் காற்றில் சில ஆண்டுகளில் அது பிசுபிசுத்துத் தூளாக உதிரும். பீரோவில் பத்திரமாக வைத்த பை உள்பக்கம் தோல் உரிந்து வெளியே வருவது இதனால்தான். பி.வி.சி. பூச்சு இன்னும் கனம், விறைப்பு. பழசானால் மடிப்பில் வெடிக்கும். எதைத் தேர்ந்தாலும், ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு வாசல்.

கேன்வாஸ் கைக்கு இதமானது, பார்க்கவும் அழகு. சதுர மீட்டருக்கு 400 கிராமுக்கு மேல் கனமுள்ளதாக எடுத்தால் பை தானாக நிமிர்ந்து நிற்கும். நனைந்தால் எடை ஏறும், காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். கார்த்திகையில் வெயில் தலைகாட்டாத ஒரு வாரத்தில் கருப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடித்தால் பிறகு போகவே போகாது. மெழுகு ஏற்றிய கேன்வாஸ் மழையைத் தாங்கும். ஆனால் நம் கோடையில் மெழுகு இளகிக் கையில் ஒட்டும், வெள்ளைச் சட்டைக்காரர்கள் பக்கத்தில் வைக்கக்கூட முடியாது. பவானி ஜமுக்காளத் துணியில் பை கேட்டு வருகிறார்கள். வண்ணக் கோடுகள் பிரமாதம்தான், எடைதான் இடிக்கிறது. சீர்காழிப் பக்கம் தைக்காலில் பிரம்பிலும் கோரையிலும் செய்யும் கைவேலைகள் பெயர் பெற்றவை. கோரைப் பை கல்யாணத்துக்கும் காட்சிக்கும் அழகு. தினசரி மடித்து எடுத்தால் மடிப்பில் இழை முறியும், ஈரம் பட்டால் கறை படியும்.

என் தேர்வு கலப்பு. பையின் அடியையும் பக்கச் சுவர்களின் முதல் நான்கு விரற்கடை உயரத்தையும் பூச்சுள்ள பாலியஸ்டரில் ஒரே துண்டாக வெட்டிவிடுவது. அதற்கு மேல் கேன்வாஸ். நனைந்த பஸ் தரையிலோ சேறான பிளாட்பாரத்திலோ வைத்தாலும் அடியில் தையலே இல்லாததால் தண்ணீர் ஏறாது. உள்ளே ரசம் சிந்தினாலும் அடுத்தவர் மடிக்குப் போகாது. அடிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கழற்றும்படி வைத்தால் பையைத் துவைக்கவும் முடியும்.

இந்தக் கவலையெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் வடகிழக்குப் பருவமழையை மறந்துவிட்டார்கள். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது சும்மா வந்த பேச்சில்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்தத் துணியும் தாங்காது. யாரும் வேலைக்கும் போக மாட்டார்கள். நாம் கவனிக்க வேண்டியது, பஸ் நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரை பத்து நிமிடம் அடிக்கும் சாதாரண மழையை. அதற்குப் பையின் மேல் மாட்டும் ஒரு உறை போதும். செல்போனுக்கும் காகிதங்களுக்கும் உள்ளே ஒரு பூச்சுத் துணி உறை இருந்தால் நிம்மதி.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருக்கிறவர்கள் பளபளக்கும் உலோக ஜிப்பைத் தவிர்த்துவிடுங்கள். உப்புக்காற்றில் முலாம் போய், ரன்னர் வெள்ளைப் பொடி பூத்துப் பாதி வழியில் நின்றுவிடும். பிளாஸ்டிக் பல் வைத்த ஜிப், எட்டாம் நம்பர் அளவில், போதும். ஐந்தாம் நம்பர் ஜிப் மலிவு. நிறைத்து மூடும் பைக்கு அது தாக்குப்பிடிக்காது.

மாலைக்கு வருவோம். காலையில் போகிற பையும் மாலையில் திரும்புகிற பையும் ஒன்றல்ல. காலையில் நிறைந்திருந்த கேரியர் இப்போது காலி, பாட்டிலும் காலி. ஆனால் வழியில் காமராஜர் மார்க்கெட்டோ தாராசுரம் காய்கறி மார்க்கெட்டோ இருக்கிறது. இரண்டு கட்டுக் கீரை, வாழைப்பூ, ஒரு முழம் மல்லிகை, கவுளி வெற்றிலை. இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெரிய பையாகத் தைத்துத் தரச் சொல்கிறார்கள். வேண்டாம். நாள் முழுவதும் காலி இடத்தைச் சுமந்துகொண்டு திரிவது எதற்கு? மண் ஒட்டிய கீரையும் நாளைக்கு எடுத்துப் போக வேண்டிய சீருடையும் ஒரே அறையில் எதற்கு? உள்ளே ஒரு மஞ்சப்பையை மடித்து வைத்துக்கொண்டால் முடிந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியபின் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் சில இடங்களில் வந்தன. நல்ல பை அது. அதன் கைப்பிடி மட்டும் மெல்லியது; மூன்று கிலோவுக்கு மேல் வைத்தால் விரலில் தடம் விழும். அகலமான நாடாவை மேலே வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், எந்தத் தையற்கடையிலும் ஐந்து நிமிட வேலை. வண்டியில் போகும்போது அதை ஹேண்டில்பாரில் மட்டும் மாட்டாதீர்கள். திருப்பத்தில் வண்டியை இழுக்கும். ஸ்கூட்டரின் உள்கொக்கியில் மாட்டலாம். எவ்வளவு எடை தாங்கும் என்று பல வண்டிகளில் அதன் மேலேயே பொறித்திருக்கும்.

ஆகவே யாருக்கு எது? சேலையில் போகும் ஆசிரியைக்கும் செவிலியருக்கும் மேலே சொன்ன கலப்புத் துணித் தோள்பை, உள்ளே ஒரு மஞ்சப்பை. விடைத்தாள் கட்டோடு திரும்பும் நாட்களுக்கு மட்டும் ஆசிரியை ஒரு ஜோல்னாவையும் வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினிக்காரருக்கும் மாணவருக்கும் நல்ல தலைக் கைப்பிடி வைத்த முதுகுப்பை; மாணவர் சாப்பாட்டைத் தனிச் சின்னப் பையில் எடுத்துப் போனால் புத்தகங்கள் பிழைக்கும். வயல் பார்த்துவிட்டு வங்கிக்கும் வேளாண் அலுவலகத்துக்கும் போய் வரும் பெரியவருக்கு அவருடைய ரெக்சின் பையே போதும். பட்டா நகலுக்கு ஒரு பூச்சுத் துணி உறை மட்டும் வாங்கிக் கொடுங்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் முன்னால் வைத்துப் போகிறவருக்கு ஒயர் கூடையை மிஞ்ச ஆளில்லை.

தைக்கக் கொடுக்க முடிவு செய்தால் கேரியர், பாட்டில், குடை மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். அளவு சொல்வதைவிட அவற்றை மேசையில் நிறுத்திக் காட்டுவது நல்லது. தைப்பவரிடம் கனமான துணி தைக்கும் மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு மெஷினில் நான்கு மடிப்புக் கேன்வாஸ் ஏறாது, ஊசி உடையும். புரட்டாசி பிறந்துவிட்டால் ஜாக்கெட்டும் சட்டையுமாகத் தீபாவளித் துணி குவிந்துவிடும், பையை யாரும் தொட மாட்டார்கள். மழைக்கு முன் கையில் வேண்டுமென்றால் ஆவணிக்குள் கொடுத்துவிடுங்கள்.